மூன்றாவது தடவை எழுதுவதற்கு முன்

வாசகியின் கேள்வி:

டொக்டர் அக்காவுக்கு, எனக்கு 21 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதுதான் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்தோம். அன்றிலிருந்து படிப்பில் பின்னுக்குத்தான். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சி. கலைப்பிரிவு எடுக்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. உயர்தரம் முதல் தடவை உயிரியல் சி, இரசாயனவியல் எஸ் (சாதாரண சித்தி), பௌதிகவியல் எஃப் (சித்தியில்லை). இரண்டாம் தடவை பி, சி, எஸ். இப்போது வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை. வயதானவர்களுக்கு எந்தக் குளிசையை எப்போது போட வேண்டும் என்று விளங்கப்படுத்துவது எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னும் ஒரு ஷைதான் (பரீட்சை எழுதும் வாய்ப்பு) மிச்சம். கனடா மாமா வெளிநாட்டில் மருத்துவம் படிக்க முதல் வருடக் காசு தருகிறேன் என்கிறார். ஹட்டனில் போய் எழுதினால் சுலபம் என்கிறாள் தோழி. அம்மா, போதும், வேலையைப் பார் என்கிறார். அப்பா புறக்கோட்டையில் மொத்தக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார், ஒன்றும் சொல்வதில்லை. தொடக்கத்திலேயே பின்தங்கிய ஒருத்தி டொக்டராக ஆசைப்படுவது பிழையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் உங்களுக்குக் கசக்கிற விஷயங்களும் இருக்கின்றன. அவற்றை வாசித்துவிட்டு, 'எனக்குத் தகுதியில்லை என்று டொக்டரும் சொல்லிவிட்டா' என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் வயதை வைத்து வருடங்களைக் கணக்குப் பார்த்தேன். 2020ஆம் ஆண்டுக்கான சாதாரண தரத்தை 2021 மார்ச்சில் எழுதிய கூட்டத்தில் நீங்கள் இருந்திருப்பீர்கள். கொவிட்டில் பாடசாலை மூடி, போனிலேயே பாடம் நடந்த காலம் அது. உயர்தரம் தொடங்கி கொஞ்ச நாளில் 2022 நெருக்கடி, 13 மணி நேர மின்வெட்டு வரை போனது. ஹட்டனிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை, இருக்கிற ஒரே போனை வீட்டில் எல்லாரோடும் பங்குபோட்டுக்கொண்டு படித்திருந்தால், அடித்தளத்தில் ஓட்டை விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது, உங்கள் கண்ணுக்கே படாத ஒன்று. 2023ஆம் ஆண்டுக்கான உயர்தர முடிவு வெளியானது 2024 மே கடைசியில். அடுத்த பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிவிட்டது. இடையில் முழுதாக ஆறு மாதம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் எஃப் எஸ்ஸாகி, எஸ் சியாகி, சி பியாகியிருக்கிறது. மூன்று பாடத்திலும் ஒரு படி ஏறியிருக்கிறீர்கள். பின்தங்கியவள் என்று உங்களை நீங்களே கூப்பிடுகிறீர்கள். நான் அந்தப் பெறுபேற்றைப் பார்த்தால், பிந்தித் தொடங்கி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளை என்றுதான் சொல்வேன்.

சரி, இப்போது கசப்பான பக்கம். கொழும்பு மாவட்டத்தில் பி, சி, எஸ்ஸை வைத்துக்கொண்டு மருத்துவ பீடத்துக்குப் போக முடியாது, கிட்டவும் வர முடியாது. மூன்று ஏ எடுத்தும் மருத்துவம் கிடைக்காமல் போன பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது சின்னத் திருத்தம் இல்லை, பெரிய பாய்ச்சல். அது எங்கே சாத்தியம் என்று பார்ப்போம்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இஸட் புள்ளி எப்படி வருகிறது என்பதை டியூஷன் வகுப்பில் யாரும் ஆறுதலாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து, அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய எல்லாரின் சராசரியைக் கழித்து, அந்தப் புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இஸட். உதாரணத்துக்கு, ஒரு பிள்ளைக்கு உயிரியலில் 1.5, இரசாயனவியலில் 1.5, பௌதிகவியலில் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3.3, இஸட் 1.1. பௌதிகவியலை மட்டும் 1.5க்கு ஏற்றினால் இஸட்டும் 1.5. அதே உயர்வை உயிரியலில் எடுப்பதென்றால், ஏற்கெனவே நல்ல இடத்தில் இருக்கும் பாடத்தை 2.7க்குக் கொண்டுபோக வேண்டும். அது யாருக்கும் லேசில் நடக்காது. பிடித்த பாடத்தை இன்னும் இன்னும் படிப்பது மனதுக்கு இதமாக இருக்கும். உங்களுடைய இடம் தங்கியிருப்பது பௌதிகவியலில்தான்.

பௌதிகவியலில் எஸ் வருகிற உயிரியல் பிரிவுப் பிள்ளைகளைப் பார்த்தால், பலருக்கு உண்மையான குறை கணிதத்தில் இருக்கும். மடக்கை, திரிகோண கணிதம், வரைபின் சாய்வு, அலகு மாற்றம், ஒரு சமன்பாட்டில் வேண்டிய கணியத்தை எழுவாயாக்குவது, இவ்வளவுதான். உங்கள் சாதாரண தரக் கணித சியைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. பௌதிகவியல் முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம், கல்குலேட்டர் கிடையாது. ஒரு வினாவுக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 விநாடி. தத்துவம் விளங்கியிருந்தும் பெருக்கல் வகுத்தலில் தடுமாறினால் அந்த நேரம் போய்விடும். ஆகவே வெட்கப்படாமல் பத்தாம், பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முதல் சில வாரங்களை அதற்கே கொடுங்கள். அதற்குப் பிறகு பௌதிகவியல் வேறு பாடம்போலத் தெரியும்.

எந்தப் பாடமென்றாலும் புதிதாகப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கடந்தகால வினாத்தாள் ஒன்றை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, நேரம் வைத்து முழுதாக எழுதுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித் திட்டத்தை வைத்து நீங்களே கடுமையாகத் திருத்துங்கள். போன ஒவ்வொரு புள்ளியும் ஏன் போனது என்று, அப்பா கடையில் பேரேடு எழுதுவதுபோல வரிவரியாகப் பதியுங்கள். விஷயமே தெரியாமல் போனதா, தெரிந்தும் புள்ளித் திட்டம் கேட்கிற அந்த ஒரு வரியை எழுதாமல் போனதா, நேரம் போதாமல் போனதா, வினாவைப் பிழையாக வாசித்ததா. உயிரியலில் இரண்டாவது வகைதான் பிள்ளைகளை அதிகம் வீழ்த்துகிறது. ஒரு பக்கம் நிறைய எழுதியிருப்பார்கள், கேட்ட விஷயம் அதில் இருக்காது. அதற்கு மருந்து, மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட வளநூலை ஒழுங்காகப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. டியூஷன் நோட்ஸ் அதற்குப் பிறகு. இரசாயனவியலில் கணக்குகளும் சேதனத் தாக்கங்களும் எழுதிப் பழகினால் கை கொடுக்கும். அசேதனம் மறக்கும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

டியூஷனைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று ஆசிரியர்களிடம் ஓடுகிற பிள்ளைகளைத் தினமும் காலி வீதியில் பார்க்கிறேன். மண்டபம் நிறைந்த வகுப்பில் ஆசிரியர் கணக்குச் செய்யும்போது எல்லாம் விளங்குவதுபோல இருக்கும். வீட்டுக்கு வந்து தனியாகச் செய்தால்தான் விளங்கியதா என்று தெரியும். அதைச் செய்ய அந்தப் பிள்ளைகளுக்கு நேரமே மிஞ்சுவதில்லை. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் போதும். பௌதிகவியலுக்கு மட்டும், நான்கைந்து பேர் இருக்கிற சின்ன வகுப்போ, கெம்பஸில் படிக்கும் அக்கா ஒருவரின் தனி உதவியோ கிடைத்தால் காசை அங்கே போடுங்கள்.

இனி, ஒரேயொரு ஷை. நம் நாட்டில் பல்கலைக்கழகக் கதவை மூடுவது தடவைக் கணக்கு, மூன்று தடவைதான். மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைந்திருக்க வேண்டும், போன தடவை எடுத்த பியை இந்தத் தடவையோடு ஒட்ட முடியாது. ஒரு வருடப் பெறுபேறு அந்த வருட அனுமதிக்குத்தான். ஆகவே மூன்றாவது தடவையை, 'எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுகிறேன்' என்று செலவழித்துவிடாதீர்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் மூன்று பாடத்துக்கும் நேரம் வைத்து முழு மாதிரித் தாள்கள் எழுதிப் பாருங்கள். முன்பு பார்க்காத தாளில் மூன்றிலும் 75க்கு மேல் தொடர்ந்து வருகிறதா, பௌதிகவியல் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். பாடத்திட்டம் மாறுகிற வருடத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல், பரீட்சைத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு தள்ளிப் போடுங்கள்.

தோழி சொன்ன ஹட்டன் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். மருத்துவ அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் மாவட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் எந்த வருடங்களில் எந்தப் பாடசாலையில் படித்தீர்கள் என்பது. பரீட்சை எழுதும் மண்டபத்தை மாற்றினால் மாவட்டம் மாறாது. பொய் விபரம் கொடுத்து இடம் எடுத்தால், பிடிபடும் நாளில் அனுமதியே இரத்தாகும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒதுக்கீடு, ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத தோட்டப்புறப் பாடசாலையில் இன்றும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்காக வைத்தது. அந்தப் பிள்ளையின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததில்லை.

மாமாவின் காசு. அவருடைய மனம் பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் வருடக் கட்டணம் கிடைத்தால், மற்ற வருடங்கள்? 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 360 ஐத் தாண்டியது. வெளிநாட்டில் பாதிப் படிப்பில் பிள்ளையை வைத்திருந்த பெற்றோர் அந்த மாதங்களில் பட்ட பாடு சொல்லி முடியாது. முழுப் படிப்புக்கும் எங்கிருந்து காசு வரும் என்று அப்பாவும் மாமாவும் ஒரு தாளில் எழுதி முடிக்காமல், ஒரு ஏஜென்டுக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை இன்றைய திகதியில் அங்கீகரித்திருக்கிறதா, உங்கள் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கிற குறைந்தபட்ச மட்டத்தைத் தொடுகிறதா, இந்த இரண்டுக்கும் சபையிடமிருந்தே எழுத்தில் பதில் எடுங்கள். 'போய்ச் சேருங்கள், பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். இந்தியா என்றால் நீட் பரீட்சை எழுத வேண்டும், வெளிநாட்டு மாணவர்களுக்கும் அது உண்டு. சீனா, ரஷ்யா போன்ற நாடுகளில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நோயாளி பேசுவது அந்த ஊர்ப் பாஷை. நோயாளியோடு பேச முடியாமல் கழிகிற வருடங்கள் ஒரு டொக்டருக்குப் பெரிய இழப்பு. எல்லாம் முடித்து வந்தாலும், இங்கே பதிவு செய்வதற்கென்று மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பிறகுதான் உள்ளகப் பயிற்சி. அந்த வழியில் போய் நல்ல வைத்தியர்களாக வந்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அதனால் கூடாது என்று சொல்ல மாட்டேன். பௌதிகவியலில் எஸ்ஸோடு, முதல் வருடக் காசோடு, இப்போதே கிளம்புவதை மட்டும்தான் வேண்டாம் என்கிறேன்.

மருத்துவ பீடத்துக்குள் போன பிறகு என்ன நடக்கும் என்றும் உங்களுக்குப் பயம் இருக்கும். பீடத்தில் இரண்டாம், மூன்றாம் ஷையில் வந்தவர்கள் நிறையப் பேர். உங்கள் சாதாரண தர சியை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு வருடங்களில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் என்று வந்து குவியும் அளவைப் பார்த்து, பாடசாலையில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளைகளே கலங்கிப் போவார்கள். அந்த நேரத்தில், தினமும் கொஞ்சமாகப் படித்து, விளங்காததை வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை நிதானமாக மேலே வருவதை நான் பார்த்திருக்கிறேன். கஷ்டப்பட்டுப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆங்கிலம் வேறு கதை. நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் ஆங்கிலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையும் ஏக்கமும் வரும். ஆனால் நாம் படிக்கப் போவது இன்றைய பீடத்தில். பாமசியில் வேலை செய்வது இதற்கு உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஓய்வான நேரத்தில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தை எடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு மருந்தின் பக்க விளைவுகளை ஆங்கிலத்தில் வாசியுங்கள்.

பாமசியைப் பற்றிச் சொல்லும்போது, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரிக்கு வருகிறேன். வயதானவர்களுக்குக் குளிசை விளங்கப்படுத்துவது பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் தமிழ் மட்டுமே பேசுகிறவர்கள் வருகிறார்கள். தனக்கு என்ன வருத்தம் என்று சொல்லவும் முடியாமல், டொக்டர் சொன்னது விளங்காமலும் தலையாட்டிவிட்டுப் போகும் அம்மாக்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். 2022க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். உங்களைப்போல நோயாளியின் பாஷையில் பொறுமையாகப் பேசுகிற ஆட்கள் நமக்கு வேண்டும், டொக்டராகவும் வேண்டும், மற்ற இடங்களிலும் வேண்டும். மருந்தை யார் எழுதினாலும், அதை ஒழுங்காகக் குடிக்க வைக்கிறவர் பல நேரம் கவுண்டரில் நிற்பவர்தான்.

அதனால்தான் பல்கலைக்கழக விண்ணப்பம் போடும்போது மருத்துவத்தை முதலில் எழுதி, கீழே வெறுமையாக விடாதீர்கள் என்று கேட்கிறேன். பாமசி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், பிசியோதெரபி, ரேடியோகிராபி, தாதியியல் எல்லாம் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் போகக்கூடிய பட்டப் படிப்புகள். சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணமும் திருகோணமலையும் இருக்கின்றன. கொழும்பு மாவட்டத்தில் இவற்றுக்கும் போட்டி உண்டு, ஆனால் பௌதிகவியல் ஏறினால் இவை எட்டாத உயரத்தில் இல்லை. ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால் பிறகு வேறொன்றுக்கு மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசிக்காமல் பதிவு செய்ய வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பயிற்சி பெற்றுப் பரீட்சை எழுதிப் பதிவுபெற்ற மருந்தாளராகிற வழியும் இருக்கிறது. உங்கள் கடையிலுள்ள மருந்தாளரிடம் அவர் எப்படி வந்தார் என்று கேளுங்கள், நிறையச் சொல்வார்.

இவற்றை இரண்டாம் தரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்றாவது தடவையில் மருத்துவம் கிடைத்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். கிடைக்காவிட்டால், நீங்கள் செய்ய விரும்புகிற வேலை, நோயாளியின் பக்கத்தில் நிற்கிற வேலை, அப்போதும் உங்களுக்குக் கிடைக்கும்.

அம்மாவைப் பற்றி. 'போதும்' என்று அவர் சொல்வதற்குப் பின்னால் பயம் இருக்கிறது. இன்னொரு தடவை நீங்கள் அழுவதைப் பார்க்க அவரால் முடியாது. கெஞ்சவோ சண்டை பிடிக்கவோ வேண்டாம். ஒரு திகதியைச் சொல்லுங்கள்: இந்தத் திகதிக்குள் மாதிரித் தாளில் இவ்வளவு எடுப்பேன், எடுக்காவிட்டால் இந்த வருடம் எழுத மாட்டேன், கிடைக்கும் பெறுபேறு எதுவாக இருந்தாலும் இன்னின்ன படிப்புகளுக்கு விண்ணப்பிப்பேன். அப்பா கணக்குத் தெரிந்த மனிதர். இஸட் கணக்கை அவருக்குக் காட்டுங்கள். ஒன்றும் சொல்லாத அப்பாக்கள், கணக்கு விளங்கினால் பேசுவார்கள். வேலையை முழுதாக விட முடியாவிட்டால் அரை நாளாகக் குறைக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். படிக்கும் நேரம் காலையில் விழட்டும், நாள் முழுவதும் நின்று களைத்த பிறகு பௌதிகவியல் தலையில் ஏறாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பௌதிகவியல் முதலாம் தாள் ஒன்றை எழுதித் திருத்துங்கள். எந்த வகையில் எத்தனை புள்ளி போனது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். கணிதம்தான் காரணம் என்று வந்தால், எந்த அலகிலிருந்து தொடங்குவது என்று அடுத்த பதிலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
டொக்டர் அக்கா